ஒரு துளி போகும் வழி

நஞ்சியல் பாடம் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மருந்தியல் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்த மகள் வாரத்துக்கு ஒரு விஷமாகப் படித்துக்கொண்டு வருவாள். அந்த வாரம் முழுக்க வீடு அந்த விஷத்துக்குப் பயந்து நடக்கும். ஈயம் நடந்த வாரத்தில் பெயின்ட் உரிந்த ஜன்னல் கம்பியை யாரும் தொடக் கூடாது. பாதரசம் நடந்த வாரத்தில் பழைய காய்ச்சல்மானி துணியில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போனது. புகைநஞ்சு நடந்த வாரத்தில் மழைச்சாரல் உள்ளே அடிக்க அடிக்க எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. அம்மாவுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

"இன்னிக்கு என்ன விஷம், மாத்திரை?" என்று கேட்டுக்கொண்டேதான் சித்தப்பா சாப்பிட உட்காருவார். அவள் கல்லூரியில் சேர்ந்த அன்றே அவர் வைத்த பெயர் அது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்ட மனிதர். அண்ணனும் தம்பியும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரே பைக்கில் போவார்கள், ஒரே பைக்கில் வருவார்கள், வழியெல்லாம் சண்டை போடுவார்கள்.

உண்மையில் அவளுக்கு அந்தப் பாடத்தின்மேல் பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பார்த்தால் அது ஓடுவது மட்டும்தான் தெரியும். எது நின்றால் எல்லாம் நிற்கும் என்பது, அதை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். விஷங்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று மூச்சை மட்டும் நிறுத்திக் காட்டும், இன்னொன்று நரம்பை மட்டும். உடம்பு எப்படி ஓடுகிறது என்பதை விஷத்தைப்போல வேறெதுவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்த ஆசை, அப்பா மயங்கி உட்கார்ந்த அன்றோடு போயிற்று.

வேலை முடிந்து வந்தவர் வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார். நிமிரும்போது சுவரைப் பிடித்தார். பிடித்த கை வழுக்கிக்கொண்டே வந்து, அவரும் அதோடு சேர்ந்து கீழே வந்துவிட்டார். முகம் சுண்ணாம்பு வெள்ளை. நெற்றி முழுக்க வேர்வை. அவள் ஓடிப்போய் மணிக்கட்டில் விரல் வைத்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்ததுக்குக் காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். எண்ணிப் பழகிய விரலுக்கு அந்த இடைவெளி ஒரு கிணறு மாதிரி இருந்தது. பிறகுதான் அடுத்தது வந்தது.

தெருமுனை டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். "நாடி மெதுவா இருக்கு. மத்தபடி கோடெல்லாம் ஒழுங்கா இருக்கு. என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

அந்த வீட்டில் மருந்து என்றால் நீலநிற பிஸ்கட் டின். அம்மா அதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். காய்ச்சல் மாத்திரை, நெஞ்செரிச்சல் மாத்திரை, போன மாதம் தொடங்கிய நகப்பூஞ்சை மாத்திரை. லிஃப்ட் ஓடும் குழிக்கு அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அதில் நின்று நின்று அப்பாவின் கால் நகங்கள் மஞ்சளாகித் தடித்துப் போயிருந்தன. டாக்டர் டின்னைக் கிளறிவிட்டு மூடினார். "இதுல நாடியைக் குறைக்கிறது ஒண்ணும் இல்லையே. அடுத்த வாரம் வாங்க. நாள் முழுக்க நெஞ்சுல ஒரு பொட்டி மாட்டிப் பார்த்துடுவோம்."

மகளும் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு மாத்திரையாகப் புத்தகத்தில் பார்த்தாள். பூஞ்சை மாத்திரைக்கு வயிற்றைப் பற்றி எழுதியிருந்தது, நாக்கு ருசி போவதைப் பற்றி எழுதியிருந்தது. இதயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்படியானால் யாரோ, எதுவோ, அப்பாவுக்கு விஷம் வைக்கிறது. அவள் அப்படித்தான் நினைத்தாள். நாடியை மெதுவாக்கும் நஞ்சுகள் அவள் பாடத்தில் தனி வகுப்பாகவே நடந்திருந்தன. சில செடிகள், சில பூச்சிமருந்துகள், சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள். அவள் வீட்டை அலசினாள். அம்மா காய்கறியை எங்கே வாங்குகிறாள், எத்தனை தண்ணீரில் கழுவுகிறாள், அடுப்பங்கரையில் கரப்பான் மருந்து எங்கே இருக்கிறது என்று குடைந்தாள்.

"உங்கப்பாவுக்கு விஷம் வைக்கணும்னா கல்யாணமான புதுசுலயே வெச்சிருப்பேன்டி," என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் துணி துவச்சுப் போட்டுட்டு இப்பவா வைப்பேன்?"

வீட்டில் ஒன்றும் சிக்கவில்லை என்றதும் அவள் வேலையிடத்தைப் பிடித்தாள். கிரீஸ், துரு நீக்கும் எண்ணெய், பிரேக் துடைக்கும் திரவம்.

"அதே கிரீஸ், அதே எண்ணெய்தான் நானும் பூசிக்கிறேன்," என்றார் சித்தப்பா. "எனக்கு ஒண்ணும் ஆகலையே. இல்ல, ஆகி நான்தான் கவனிக்கலையா?"

"சிரிக்காதீங்க சித்தப்பா. அவரு லிஃப்ட் கூரைமேல ஏறி நிக்கிறவரு. அங்க தலை சுத்தினா?"

சித்தப்பா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்," என்றார்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகும் இரண்டு தடவை தலை சுற்றியது. இரண்டு தடவையும் வேலையிடத்தில், காலை வேலை சூடுபிடித்த நேரத்தில். இரண்டு தடவையும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்று சமாளித்துவிட்டார். "ஒண்ணுமில்ல, பசிமயக்கம்," என்று சொல்லிவிட்டார். லீவு போடச் சொன்னால், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்று கிடக்கிறது, வயசானவங்களெல்லாம் படியேறிச் சாகிறாங்க, அதை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்றார்.

அன்று காலையும் அதற்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் முதலில் நாடி பார்த்தாள். நிமிடத்துக்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. வழக்கமாக எழுபது ஓடுகிற மனிதர்.

"போகாதீங்கப்பா."

"ஐம்பது என்ன பாப்பா, பாஸ்மார்க்குக்கு மேலதானே. சீக்கிரம் கண்ணு மருந்தை ஊத்து, உங்க சித்தப்பன் கீழ ஹாரன் அடிக்கிறான்."

அப்பாவின் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று ஒரு வருடம் முன்பு கண் டாக்டர் சொல்லியிருந்தார். விட்டுவிட்டால் சத்தமில்லாமல் பார்வையைத் தின்றுவிடும் நோய். காலையில் ஒரு துளி, இரவில் ஒரு துளி. அப்பாவுக்குத் தானாக விட்டுக்கொள்ளத் தெரியாது. குப்பியின் முனை பக்கத்தில் வந்ததும் கண் கப்பென்று மூடிக்கொள்ளும். அதனால் அது மகளுடைய வேலை. குப்பி முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் நிற்கும். பல்தேய்ப்பது, தலைவாருவதுபோல அதுவும் ஒன்று.

அவர் தலையை அண்ணாந்தார். துளி இமையோரத்தில் விழுந்து பாதி கண்ணுக்குள் போனது, பாதி கன்னத்தில் வழிந்தது. அவள் இன்னொன்று விட்டாள். அது சரியாக விழுந்தது. "இப்ப நல்லா சிமிட்டுங்க. இன்னும். நல்லா சிமிட்டினாத்தான் மருந்து எல்லாப் பக்கமும் பரவும்."

கண் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது அதுவல்ல. கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருங்கள் என்றுதான் அவள் சொல்லியனுப்பினாள். சிமிட்டுவது மகள் சேர்த்த திருத்தம். எந்த மருந்தானாலும் சீராகக் கலந்து பரவினால்தான் வேலை செய்யும் என்று இரண்டாம் ஆண்டில் படித்திருந்தாள். பாட்டிலில் இருக்கும் மருந்தைக் குலுக்குகிறோம், கண்ணில் இருக்கும் மருந்தைச் சிமிட்டுகிறோம் என்று அவளுக்கு அது நியாயமாகப் பட்டிருந்தது. அப்பா கண்ணைச் சிமிட்டியபடியே படியிறங்கிப் போனார்.

*

முதல் வகுப்பே நஞ்சியல். நடத்துபவரை மாணவர்கள் நச்சு மேடம் என்பார்கள். அவருக்கும் அது தெரியும். விஷத்தைப் பற்றி இத்தனை மென்மையான குரலில் பேசும் ஒருவரைப் பார்ப்பது அரிது. அன்றைய பாடம், விஷம் உடம்புக்குள் நுழையும் வழிகள்.

வாய், என்றது வகுப்பு. மூச்சு. தோல். ஊசி. பாம்பு, என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

"பாம்பும் ஊசிதான்பா. வேற?"

மேடம் முன்வரிசையில் இருந்த மகளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். பையிலிருந்து ஒரு சின்னச் சாயக் குப்பியை எடுத்தார். கண் டாக்டர்கள் பரிசோதனைக்கு விடும் மஞ்சள் பச்சைச் சாயம், ஆபத்தில்லாதது. அவள் வலது கண்ணில் ஒரு துளி விட்டார்.

"நல்லா சிமிட்டு."

அவள் சிமிட்டினாள். மேடம் வேறேதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். "இப்ப மூக்கைச் சிந்து."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் சிந்தினாள். கைக்குட்டையில் பளிச்சென்று மஞ்சள் பச்சை.

"கண்ணுல விட்டது மூக்குல வந்துடுச்சு பாருங்க," என்றார் மேடம். "கண்ணோட உள்மூலையில, மூக்குப் பக்கத்துல, ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு. கண்ணீர் வடியுற சாக்கடை அது. அழுதா மூக்கு ஒழுகுறது அதனாலதான். அந்தச் சாக்கடைக்கு ஒரு பம்பு உண்டு. அதுதான் சிமிட்டல். ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு இழுப்பு. கண்ணுல ஒரு துளி விட்டா, கண்ணுக்குள்ள இறங்கறது துளியூண்டு. மிச்சம் எங்க போகுது? மூக்கோட உள்தோல் ரொம்ப மெல்லிசு, அடியில முழுக்க ரத்தம். வாய்வழியாப் போனா முதல்ல கல்லீரலைப் பார்த்துட்டுத்தான் ரத்தத்துக்குள்ள போகணும்; அது பாதியை அங்கேயே உடைச்சிடும். மூக்குல அந்த செக்போஸ்ட் கிடையாது. நேரா இதயத்துக்குப் போயிடும்." அவர் குப்பியை மூடினார். "கண்ணழுத்தத்துக்குப் போடுற டிமோலால் இதயத்துக்குப் பிரேக் போடுற மருந்து. துளிதானேன்னு யாரும் அதை மருந்துக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. டாக்டர் கேட்டா மாத்திரை டப்பாவைத்தான் நீட்டுவாங்க."

மகள் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள். மனதுக்குள் நீல பிஸ்கட் டின்னைப் பார்த்தாள். சீப்புக்குப் பக்கத்தில் நிற்கும் குப்பியை, அதன்மேல் எழுதியிருந்த பெயரை, ஒரு வருடமாகத் தினமும் பார்த்தும் படிக்காத பெயரை, முதல்தடவையாகப் படித்தாள். இன்று இரண்டு துளி. நல்லா சிமிட்டுங்க. இன்னும்.

எழுந்து வெளியே நடந்தாள். மேடம் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை. வராந்தாவில் வந்ததும் அது ஓட்டமாயிற்று.

*

அப்பாவின் எண்ணுக்குப் போட்டாள். மணியே போகவில்லை. லிஃப்ட் ஓடும் குழாய் மாதிரியான அந்தச் சுவர்க்கூண்டுக்குள் சிக்னல் எட்டாது. சித்தப்பா எண்ணுக்குப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மோட்டார் அறைக்குள் இருப்பார். அந்த இரைச்சலில் பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது.

பஸ்ஸில் ஏறினாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் அவளைப் பார்த்துவிட்டுத் தன் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் தன் வலது கண் மஞ்சள் பச்சையாக இருப்பதும், அதிலிருந்து வழிவது அதே நிறத்தில் இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

பயத்திலும் அவள் மூளை பாடம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக விடுகிறோமே, சிமிட்டுகிறோமே, இப்போது மட்டும் ஏன்? கல்லீரலின் முதல் காவலைத் தாண்டிவிட்டாலும் ரத்தம் சுற்றிச் சுற்றி மறுபடி கல்லீரலுக்குத்தான் வரும். வரும்போதெல்லாம் அங்கே மருந்தை உடைக்கிற நொதி கொஞ்சம் கொஞ்சமாக அதை ஒழித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் இத்தனை நாள் தாங்கியது. அந்த நொதியின் கையை யாராவது கட்டிப்போட்டால்?

பூஞ்சை மாத்திரை. அது இதயத்தை ஒன்றும் செய்யாது. புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே நொதியைப் பிடித்து உட்காரவைத்துவிடும். மூன்றாம் ஆண்டுத் தேர்வில் அந்தப் பட்டியலை எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருந்தாள். உள்ளே வருவதை அவளே பம்பு போட்டு அனுப்பியிருக்கிறாள். வெளியே போகும் வழியை மாத்திரை அடைத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மிஞ்சியதன்மேல் இன்று காலை இரண்டு துளி.

இந்நேரம் அது உச்சத்தில் இருக்கும். இந்நேரம் அவர் எங்கே இருப்பார்?

பஸ் சிவப்பு விளக்கில் நின்றது. அவள் இறங்கி ஓடினாள்.

*

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 'லிஃப்ட் பழுது' பலகை தொங்கியது. படி. நாலாவது மாடிக்கு வரும்போது போன் அடித்தது.

"என்ன மாத்திரை, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? எந்த விஷம்?"

"அப்பா எங்க?"

அவள் குரலைக் கேட்டதும் அவர் கேலி நின்றுவிட்டது. "கூரைமேல. எட்டாவது மாடிக்குக் கொஞ்சம் கீழ. லிஃப்ட் ஏறி இறங்குற தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுட்டிருக்காரு. ஏன்?"

"அவருக்கு மயக்கம் வரப்போகுது சித்தப்பா. கண்ணு மருந்துதான் காரணம். எட்டாவது கதவைத் திறங்க. ஆனா சத்தம் போடாதீங்க. திடீர்னு கூப்பிட்டா அவரு எந்திரிப்பாரு, எந்திரிச்சா ரத்தம் தலைக்கு ஏறாது."

"மெயினை அணைச்சிடவா?"

"அணைச்சா அவரு நடுவுல மாட்டிக்குவாரு."

லிஃப்ட் கூரையில் வேலை செய்பவர் கையில் வயரோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மேலே, கீழே என்று இரண்டு பொத்தான்கள். அழுத்தியிருக்கும்வரை லிஃப்ட் ஊர்ந்து நகரும். விரலை எடுத்ததும் நின்றுவிடும். மின்சாரம் போனாலும் அப்படித்தான். லிஃப்டின் பிரேக்கை மின்சாரம் பிடிப்பதில்லை. மின்சாரம் அதை விலக்கி வைத்திருக்கிறது, போனதும் சுருள்கம்பி தானாக அறைந்து பிடித்துக்கொள்கிறது. மனிதன் மயங்கினாலும் இயந்திரம் பத்திரமாக நிற்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடைவெளி இருக்கிறது. அதற்கு இருக்கும் ஒரே ஏற்பாடு, இடுப்பு பெல்ட்டின் கொக்கி. வேலைக்கு இடைஞ்சல் என்று அண்ணனும் தம்பியும் அதை மாட்டுவதே இல்லை.

எட்டாவது மாடியில் சித்தப்பா முக்கோணச் சாவியைக் கதவின் துளையில் விட்டுத் திருகிக்கொண்டிருந்தார். சாவி இரண்டு தடவை நழுவியது. கதவு பிளந்தது. எண்ணெய் வாசனையும் ஈரச் சிமெண்ட் வாசனையுமாக ஓர் இருட்டு முகத்தில் வந்து மோதியது. கீழே, ஒன்றரை ஆள் ஆழத்தில், ஒரு வேலை விளக்கு. அதன் வெளிச்சத்தில் அப்பா. உட்கார்ந்திருந்தார். தலை இரும்புக் கயிற்றின்மேல் சாய்ந்திருந்தது.

சித்தப்பா வாயைத் திறந்தார். அவள் அவர் தோளை அழுத்தினாள். தரையில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். சாப்பிட வாங்கப்பா என்று கூப்பிடும் குரல் எதுவோ, அந்தக் குரலைத் தேடி எடுத்தாள்.

"அப்பா. நான்தான். எந்திரிக்காதீங்க, அப்படியே உக்காருங்க."

தலை மெல்ல நிமிர்ந்தது. "பாப்பாவா? காலேஜு?"

"சீக்கிரம் விட்டுட்டாங்க. லிஃப்ட் கூரையைப் பார்க்கணும்னு வந்தேன். பெல்ட்டுக் கொக்கியை மாட்டுங்க."

"எதுக்கு?"

"சொன்னா மாட்டுங்கப்பா."

கொக்கி கம்பியில் படும் சத்தம் கேட்டது. முதல்தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை விழுந்தது.

"கண்ணு ஏன்டி பச்சையா இருக்கு உனக்கு?"

"மேல வாங்க, சொல்றேன். பெட்டியை எடுத்துப் பொத்தானை அழுத்துங்க. உக்காந்துக்கிட்டே."

எங்கோ உச்சியில் மோட்டார் முனகியது. விளக்கும் அப்பாவும் ஒரு சாண் மேலே வந்து நின்றார்கள். மோட்டார் அடங்கியது.

விரல் எடுத்துவிட்டார். ஓய்வுக்கு எடுத்தாரா, தானாக விலகிற்றா? அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா?"

பதில் இல்லை. பிறகு, "ம்."

"இன்னும் கொஞ்சம்."

மோட்டார். இரண்டு சாண். நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவள் நெஞ்சும் அதோடு நின்றது. அவரைப் பேசவைக்க வேண்டும் என்று மட்டும் புரிந்தது. "பிரேக் எப்படி வேலை செய்யும்னு சொல்லுங்கப்பா. எனக்கு மறந்துடுச்சு."

"கரண்டு... பிரேக்கை விலக்கி வெச்சிருக்கும்." மோட்டார் ஓடியது. "கரண்டு போனா... ஸ்பிரிங்கு..." நின்றது.

"ஸ்பிரிங்கு என்ன செய்யும்?"

"பிடிச்சுக்கும்." ஒவ்வொரு சொல்லும் தூரத்திலிருந்து வந்தது. "இருட்டிக்கிட்டு வருது பாப்பா. விளக்கை எவன் அணைச்சது?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"யாரும் அணைக்கலப்பா. அழுத்துங்க. இன்னும் ஒரே ஒரு தடவை."

மோட்டார் முனகியது. கூரை ஏறியது, ஏறியது, அவள் கை எட்டும் தூரத்துக்கு வந்தது. சட்டென்று நின்றது. பெட்டி அவர் கையிலிருந்து உருண்டு வயரில் தொங்கியது. உடம்பு மெதுவாக, யாரோ படுக்கவைப்பதுபோல, இடைவெளியின் பக்கமாகச் சாய்ந்தது. பெல்ட் இழுத்துப் பிடித்தது.

அவள் காலை உள்ளே வைத்துவிட்டாள். சித்தப்பா பின்கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்துப் போட்டார். "நீ வராத. ரெண்டு பேரைப் பிடிக்க எனக்குக் கை பத்தாது." கூரையில் இருந்த சிவப்புக் குமிழைக் கைநீட்டி அடித்து லிஃப்டை முழுதாக முடக்கினார். பிறகுதான் இறங்கினார். இறங்கி அண்ணனை இரண்டு கையாலும் அள்ளினார். கொக்கியைக் கழற்றினார், அவள் மேலிருந்து அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். எட்டாவது மாடித் தரையில் அப்பாவை மல்லாத்திப் போட்டார்கள். அவள் அவர் கால்களைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு மணிக்கட்டைத் தேடினாள்.

ஒரு துடிப்பு. கிணறு. ஒரு துடிப்பு.

"போச்சா?" என்றார் சித்தப்பா. "சொல்லு மாத்திரை, அண்ணன் போயிட்டாரா?"

"இருக்காரு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

*

அவசரப் பிரிவு டாக்டர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?" என்றார். அம்மா பள்ளிக்கூட அலுவலக வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடி, டின்னை எடுத்துக்கொண்டு, மூச்சிரைக்க வந்து நின்றாள். அவள் மூடியைத் திறப்பதற்குள் மகள் பேசினாள்.

"கண்ணுக்கு டிமோலால் சொட்டு, ஒரு வருஷமா. இன்னிக்கு ரெண்டு துளி. விட்டதும் நான்தான் சிமிட்டச் சொன்னேன். ஒரு மாசமாப் பூஞ்சை மாத்திரையும் போகுது. அந்தச் சொட்டை உடைக்கிற நொதியை அது தடுக்கும்."

டாக்டரின் பேனா நின்றது. அவளுடைய பச்சைக் கண்ணை ஒரு தடவை பார்த்தார். கேள்வி கேட்கவில்லை, நர்ஸைக் கூப்பிட்டு ஓர் ஊசியின் பெயரைச் சொன்னார். மருந்து நரம்பில் ஏறியது. திரையில் முப்பத்துச் சொச்சத்தில் தவழ்ந்துகொண்டிருந்த எண் நாற்பதானது, பிறகு ஐம்பதானது. மறுபடி இறங்கியது, மறுபடி ஊசி. அன்று முழுக்க அந்த எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். அம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல அது இல்லையேடி, இதுல அது இல்லவே இல்லையே," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா பிழைத்து வீடு வந்தார். பூஞ்சை மாத்திரையை நிறுத்தினார்கள். பழைய சொட்டையும் நிறுத்தினார்கள். ஆனால் கண்ணழுத்தம் நிறுத்தினால் நிற்கிற விஷயமா? கண் டாக்டர் வேறு வகைச் சொட்டு ஒன்றை எழுதிக்கொடுத்தார். இது இதயத்தின் பக்கம் போகாது, இரவில் ஒரு துளி போதும் என்றார். புதுக் குப்பி நீல டின்னுக்குள் போனது. மகள்தான் வைத்தாள்.

இரவு, விடும் நேரம் வந்தது. அவள் குப்பியைத் திறந்தாள். மூடினாள்.

"அம்மா, நீங்க விடுங்க."

"எனக்கென்னடி தெரியும்? நான் கண்ணைக் குத்திடுவேன்."

"சித்தப்பா?"

"என் கையில கிரீஸு," என்றார் சித்தப்பா, சோப்புப் போட்டுக் கழுவிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அப்பா நாற்காலியில் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு நேரம்மா மேல பார்த்துட்டு இருக்கறது? கழுத்து வலிக்குது. விடு."

"பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான். அதுக்குத்தான் கண்ணை மூடாம வெச்சிருக்கேன். சீக்கிரம்."

அவள் கீழிமையை இழுத்தாள். ஒரு துளி. கன்னத்தில் வழியவில்லை. "மூடுங்க. சிமிட்டக் கூடாது." அப்பா கண்ணை மூடித் தன் ஆள்காட்டி விரலை எடுத்து மூக்கோரத்தில், அந்தச் சாக்கடையின் வாயில், அழுத்திக்கொண்டார். கண் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது. அவர் இன்னொரு கையை அவளிடம் நீட்டினார். அவள் கேட்கவில்லை, அவராகத்தான் நீட்டினார்.

மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். இந்தச் சொட்டு இதயத்தின் பக்கம் போகாது. அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள். பூஞ்சை மாத்திரையைப் பற்றியும் படித்திருந்தாள்.

"என்ன மாத்திரை, ஓடுதா?" என்றார் சித்தப்பா, கதவருகிலிருந்து. அவர் உள்ளே வரவில்லை.

"பேசாதீங்க."

ஒரு துடிப்பு வந்தது. அவள் அடுத்ததுக்குக் காத்திருந்தாள்.